கடைசி ஆள் வந்தாச்சா

ஆகஸ்ட் கடைசியில் காஸ்பர் போன் செய்தார். மரத்தை வெட்ட ஆட்களுக்குச் சொல்லிவிட்டாராம். செப்டம்பரில் ஓக் மரப் பிரியர்களின் கூட்டம் வந்துபோன பிறகு வரும் திங்கட்கிழமை வருவார்களாம்.

"நீ வேண்டாம்னு சொன்னா நிறுத்திடறேன் யோரிஸ். இதுல முடிவெடுக்கற யோக்கியதை எனக்குக் கிடையாது. நீ ஒரு தடவை வந்து பாத்துட்டுச் சொல்லு."

சரி என்றேன். அந்த ஒரு வருடத்தில் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன செப்டம்பரில் அந்த மரத்தின் கிளை விழுந்து என் மனைவி வேர்லே இறந்தாள். அவளுக்கு வயது முப்பத்தொன்று. காற்றே இல்லாத மதியம். வெயில் நீளும் வருடங்களில் பெரிய ஓக் மரங்கள் இப்படிச் செய்வதுண்டு. நோய் இருக்காது, புயல் இருக்காது. பச்சை இலையோடு ஒரு கிளை முறிந்து விழும். ஏன் என்று ஓக் பைத்தியங்களுக்கே சரியாகத் தெரியாது. பைத்தியம் என்பது வேர்லேயின் சொல். தன் கூட்டத்தை அவள் அப்படித்தான் அழைப்பாள்.

ஆண்டுக்கொரு முறை அவர்கள் பெல்ஜியத்திலும் சுற்றியுள்ள நாடுகளிலும் ஒருவர் தோட்டத்துக்கு ஒருவர் போவார்கள். நின்று நின்று இலையைத் திருப்பிப் பார்க்கும் கூட்டம் அது. யாராவது ஒருவர் கடைசி மரத்தடியிலேயே தங்கிவிடுவார். அதனால் ஒரு ஆளை வாலாக வைத்துக்கொள்வார்கள். வால் எல்லோருக்கும் பின்னால் நடக்க வேண்டும். விட்டுப்போன தொப்பி, கண்ணாடி, ஆள் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு வர வேண்டும். முன்னால் போகிறவர், "கடைசி ஆள் வந்தாச்சா?" என்று கத்துவார். வால், "வந்தாச்சு, நடங்க!" என்று பதில் சொன்னால்தான் கூட்டம் நகரும்.

வேர்லேதான் எப்போதும் வால்.

அன்று நடந்தது இதுதான். கூட்டம் மரத்தைப் பார்த்துவிட்டு உயரமான வேலிச்செடி வரிசையைத் தாண்டிவிட்டது. பின்னால் ஒரு சத்தம் கேட்டது. வேட்டைக்காலம், துப்பாக்கிதான் என்று நினைத்துக்கொண்டார்கள். தலைவி டினெக்கே வழக்கம்போலக் கத்தினாள். "வந்தாச்சு, நடங்க!" என்று வேர்லேயின் குரல் வந்தது. எல்லோரும் தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள். நெடுநேரம் கழித்துக் காஸ்பர் அவளைத் தேடிப் போனார்.

கிளை விழுந்த நொடியே உயிர் போயிருக்கும் என்றார் மருத்துவர். அந்தச் சத்தத்துக்குப் பிறகு அவள் குரலைக் கேட்டோம் என்று கூட்டம் முழுவதும் போலீஸில் சொன்னது. டினெக்கே கேட்டாள். பிரான்சிலிருந்து வந்த அர்மெல் கேட்டார். காஸ்பரும் கேட்டார்.

இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். மருத்துவர் இரக்கப்பட்டு என்னிடம் பொய் சொல்லியிருக்க வேண்டும். அப்படியானால் வேர்லே உயிரோடு கிளைக்கு அடியில் கிடந்தாள். நடங்க என்று சொல்லி அவர்களைத் தேநீருக்கு அனுப்பிவிட்டு, அங்கேயே கிடந்தாள். இல்லையென்றால் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் காது தவறியிருக்க வேண்டும்.

என் வேலை கான்கிரீட் சோதிப்பது. பாலங்களிலிருந்து துளைத்தெடுத்த துண்டுகளை அழுத்தி, எந்த எடையில் உடைகிறது என்று பார்ப்பேன். ஏன் உடைந்தது என்று எழுதாமல் எந்தத் துண்டையும் தூக்கிப்போட முடியாது. இந்த ஒன்றை ஒரு வருடமாக எழுத முடியவில்லை. அழவும் முடியவில்லை. மரம் இருக்கட்டுமா போகட்டுமா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. அந்தக் குரல் யாருடையது என்று தெரிய வேண்டும். அதற்காகத்தான் போனேன்.

*

காஸ்பர் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய பழைய மாட்டுக்கொட்டகையில்தான் காலைக் காப்பி. நீள மேசைகளில் ஈரப்பாசியில் பொதிந்த ஓக் விதைகள் பைபையாக இருந்தன. அவரவர் ஊரிலிருந்து கொண்டுவந்தவை. யாரும் விற்பதில்லை, வாங்குவதில்லை. பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். விதையை அதில் போட்டுப் பார்ப்பார்கள். மிதந்தால் சொத்தை. மூழ்கினால் பைக்குள் போகும்.

நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு தணிந்தது. அர்மெல் மட்டும் நிறுத்தவில்லை. அவர் பிரெத்தான் பக்கம் பன்றி வளர்ப்பவர்.

"வா யோரிஸ். இதப் பாரு, படிச்சவங்க எல்லாம் தரையில குனிஞ்சு விதை பொறுக்குறாங்க. எங்க ஊர்ல இந்த வேலைய பன்னிங்க பாக்குது. பன்னிக்கு லத்தீன் தெரியாது, அது ஒண்ணுதான் வித்தியாசம்."

"உங்களுக்கு மட்டும் தெரியுமாக்கும்?" என்றாள் டினெக்கே. அவள் ஹாலந்துக்காரி. நாற்பது வருடம் நீச்சல் சொல்லிக்கொடுத்தவள். சாதாரணமாகப் பேசினாலே குளத்தின் மறுகரைக்குக் கேட்கும். "போன வருஷம் என் தோட்டத்துக்கு வந்து, என் துருக்கி ஓக்கைப் பாத்து ஹங்கேரின்னு சொன்ன ஆளு நீங்க."

"அது உன் தோட்டத்தோட தப்பு. அங்க மரமே வெக்கப்பட்டு ஒளிஞ்சு நிக்குது."

சிரித்தார்கள். டினெக்கே என் பக்கம் வந்து ஒரு பையை நீட்டினாள். "இது வேர்லேக்குன்னு எடுத்து வச்சேன்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னாள் என்று அவளுக்கே உறைத்தது. பையை நீட்டியபடியே நின்றாள். நான் வாங்கி கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன்.

"நல்லா மூழ்கின விதை" என்றாள் மெதுவாக.

காப்பி முடிந்ததும் ஒரு பெட்டிமேல் ஏறி நின்று அறிவிப்புகளைச் சொன்னாள். கேட்டை மூடிவிட்டு வர வேண்டும். தோட்டத்துக்குச் சொந்தக்காரர் வாய் திறந்து சம்மதிக்காமல் ஒரு விதையையும் தொடக் கூடாது. கிளை விழுந்த அந்த மெக்சிகோ மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறது, கயிற்றைத் தாண்டக் கூடாது.

"அப்புறம்... வாலு யாரு?"

ஒருவர் ஸ்பெகுலாஸ் பிஸ்கட்டைக் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"நான் வரேன்" என்றேன்.

"நீ வேண்டாம் பையா."

"நான்தான் வரணும்."

டினெக்கே காஸ்பரைப் பார்த்தாள். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

தோட்டம் ஒரு சரிவில் இருக்கிறது. காஸ்பர் உலகம் சுற்றி விதை கொண்டுவந்து நட்ட ஓக்குகள். வெயில் அடித்தது. போன வருடத்தைப் போலவே காற்று இல்லை. தூரத்துக் காட்டில் அவ்வப்போது வேட்டைத் துப்பாக்கி வெடித்தது.

கூட்டம் முதல் மரத்தில் நின்றது. ஆளுக்கொரு இலையைத் திருப்பி, லென்ஸை வைத்து அடிப்பக்கத்து மயிரைப் பார்த்தார்கள். இவர்களுக்கு மரத்தின் உயரமோ வயதோ முக்கியமில்லை. இலையின் அடியில் மயிர் நட்சத்திரம் போல இருக்கிறதா, ஒற்றையாக இருக்கிறதா என்பதற்கு ஒரு காலை முழுவதும் சண்டை போடுவார்கள். வேர்லே சாப்பாட்டு மேசையில்கூட அப்படி இலை பார்ப்பாள். ஒருமுறை சாலட் கீரையைத் திருப்பிப் பார்த்தாள்.

அவர்கள் நகர்ந்த பிறகு நான் மரத்தைச் சுற்றி வந்தேன். ஒரு கைத்தடி விட்டுப்போயிருந்தது. எடுத்துக்கொண்டேன்.

"கடைசி ஆள் வந்தாச்சா?"

"வந்தாச்சு, நடங்க" என்றேன். சொல்வது சுலபமாக இருந்தது.

இரண்டாவது நிறுத்தம் ஈரானிய மரங்கள். மூன்றாவது, பெயர் தெரியாத ஒரு கலப்பு மரம். "அம்மா யாருன்னு தெரியும். அப்பன் இந்த வேலியோரத்துல நிக்கற எவனோ" என்றார் காஸ்பர். "அப்பன் யாருன்னு தெரியாட்டி என்ன, புள்ள நல்லா வளந்திருக்கான்" என்றார் அர்மெல். எல்லோரும் நகர்ந்தார்கள். டினெக்கே கூப்பிட்டாள். பதில் சொன்னேன்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்று முன்னாலிருந்து கத்தினாள். "ஒரு தடவை சொன்னாப் போதும், எதுக்கு ரெண்டு தடவை?"

நான் ஒரு தடவைதான் சொன்னேன்.

திரும்பிப் பார்த்தேன். சரிவு முழுவதும் மரங்களும் நிழல்களும். யாராவது பின்தங்கியிருக்கலாம் என்று பழைய பாதையில் ஈரானிய மரங்கள் வரை போய்ப் பார்த்தேன். ஆள் இல்லை. புல்லில் எங்கள் காலடித் தடங்கள் ஒரே திசையில்தான் போயிருந்தன.

எதிரொலி என்று முடிவு செய்தேன். எதிர்ச் சரிவு பக்கத்தில்தான் இருக்கிறது. கொட்டகைச் சுவரும் இருக்கிறது. கணக்கு சரியாகத்தான் வந்தது.

அடுத்த நிறுத்தத்தில் நான் வேண்டுமென்றே பதில் சொல்லவில்லை. அவள் கூப்பிட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு நின்றேன். சற்று நேரம் அமைதி. பிறகு கூட்டம் நகர்ந்தது. பதில் கேட்காமல் டினெக்கே நகரவே மாட்டாள். வேகமாக நடந்து அர்மெலை எட்டிப் பிடித்தேன்.

"இப்ப யார் பதில் சொன்னது?"

"நீதானே?"

"நான் வாயத் திறக்கல."

"அப்ப உன் குரல் உன்னைவிடச் சுறுசுறுப்பு" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. "வெயில் ஜாஸ்தி. தண்ணி குடி."

"உங்களுக்குக் கேட்டுச்சா?"

"எல்லாருக்கும்தான் கேட்டுச்சு. உனக்குக் கேக்கலியா?"

எனக்குக் கேட்கவில்லை. நான் பாதையின் மேட்டுப் பக்கம் நின்றிருந்தேன். மெக்சிகோ மரம் இருப்பது கீழே, பள்ளத்தில். அப்போது நான் யோசித்தது அவ்வளவுதான்.

*

காஸ்பர் இளைஞராக இருந்தபோது மெக்சிகோவில் ஒரு மலையில் இந்த மரத்தின் விதையை எடுத்தார். பிறகு அந்த மலையில் காடு முழுவதும் எரிந்துபோனது. வேறு எங்கும் இந்த வகையை யாரும் கண்டதில்லை. பெயர்கூட இன்னும் வைக்கப்படவில்லை. ஒட்டுக் கட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் பிடிக்கவில்லை. இந்த வருடம்தான் முதன்முறையாகக் காய்த்திருக்கிறது.

கூட்டம் கயிற்றைச் சுற்றி நின்றது. பெரிய மரம். அடிமரம் கறுப்பு. இலைகள் தடித்து, அசையாமல், தோலில் வெட்டியவை போல இருந்தன. கிளை கிழிந்த இடத்தில் புதுப் பட்டை உதடு மாதிரி உருண்டு மூடிக்கொண்டு வந்தது. அடியில் புல் தெரியாமல் விதைகள் கொட்டிக்கிடந்தன. எல்லோருடைய கண்ணும் அங்கேதான். பைகள் கையில் இருந்தன, காலியாக.

அவர்கள் நல்லவர்கள். என் மனைவியின் சவ அடக்கத்துக்கு நாலு நாட்டிலிருந்து வந்தவர்கள். இருந்தும் அவர்களால் பைகளைக் கொண்டுவராமல் இருக்க முடியவில்லை. வேர்லே இருந்திருந்தால் அவளும் கொண்டுவந்திருப்பாள்.

காஸ்பர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"வெட்டிட்டா இது திரும்ப வராது. விதை இருக்கு, ஆனா அது இதே மரமாகாது. சுத்தி நிக்கற மரங்களோட கலந்திருக்கும். இதைச் சொல்றது உன்னைத் தடுக்கறதுக்கு இல்ல. உனக்குத் தெரியணும்."

"தெரியும். வேர்லே சொல்லியிருக்கா."

"நான் தினமும் இதுக்குக் கீழ வந்து நிக்கறேன் யோரிஸ். என் தலைமேல ஒண்ணு போடட்டும்னுதான் நிக்கறேன். போட மாட்டேங்குது."

நான் டினெக்கேயிடம் போனேன்.

"அன்னிக்கு எங்க நின்னு கூப்பிட்டீங்களோ அங்கயே எல்லாரையும் கூட்டிட்டுப் போங்க. அதே மாதிரி கூப்பிடுங்க. நான் இங்க நிக்கறேன்."

"எதுக்கு?"

"இங்கேருந்து பேசினா அங்க கேக்குமான்னு பாக்கணும்."

அவள் முகம் சிவந்தது. "கேட்டுச்சுன்னு நூறு தடவை சொல்லிட்டேன். நான் பொய் சொல்றேன்னு நெனைக்கிறியா? அவ குரல் எனக்குத் தெரியாதா? அவ நல்லாத்தான் சொன்னா, வலியே இல்லாம சொன்னா. அதான் நான் திரும்பிப் பாக்கல. தினமும் ராத்திரி படுக்கையில அதத்தான்..." நிறுத்தினாள். "சரி. கூப்பிடறேன். ஒரு தடவைதான்."

போனார்கள். வேலிச்செடிக்கு அப்பால் தொப்பிகள் மறைந்தன. பேச்சுச் சத்தம் தேய்ந்தது.

நான் கயிற்றுக்கு வெளியே நின்றேன். பறவை எதுவும் கத்தவில்லை. மரத்துக்குள் எங்கோ ஒரு சின்ன 'டிக்' சத்தம், விட்டு விட்டுக் கேட்டது. அது எனக்குப் பழக்கமான சத்தம். சுமை ஏறும்போது கான்கிரீட்டும் உடைவதற்கு முன்னால் அப்படித்தான் பேசும்.

"கடைசி ஆள் வந்தாச்சா?"

தெளிவாகக் கேட்டது. பக்கத்தில் நின்று சொன்னது போல. நான் உதடுகளை இறுக்கி மூடியிருந்தேன். கையால் வாயைப் பொத்தியும் கொண்டேன். ஏன் என்று தெரியவில்லை.

"வந்தாச்சு, நடங்க!"

மரத்தடியிலிருந்து வந்தது. கிளை விழுந்த இடத்திலிருந்து, ஆள் உயரத்திலிருந்து. ஆணின் குரல்.

ஆய்வகத்தில் சோதனை விவரங்களை நான் பேசித்தான் பதிவு செய்வேன். என் குரல் வெளியிலிருந்து எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் மூக்கடைத்தது போல இருக்கும். கடைசி எழுத்தை விழுங்குவேன். அது என் குரல்.

அதில் அவசரம் இல்லை, வலி இல்லை. யாரும் கவலைப்பட வேண்டாம் என்பது போன்ற குரல். வேலிக்கு அப்பால் யாரோ சிரித்தார்கள். காலடிகள் நகர்ந்து போயின. பதில் வந்துவிட்டதல்லவா, அவர்கள் போய்விட்டார்கள். நான் உயிரோடுதான் நிற்கிறேனா என்று பார்க்க யாரும் திரும்பி வரவில்லை.

அங்கே யாரும் இல்லை. இலை அசையவில்லை.

வெகுநேரம் கழித்து, "வேர்லே?" என்று கூப்பிட்டேன்.

பதில் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். மரத்துக்கு அந்தக் கேள்வி தெரியவில்லை. அதற்குத் தெரிந்தது ஒரே கேள்விதான். எத்தனையோ வருடமாக எத்தனையோ கூட்டம் தன் அடியில் கேட்டுப் பதில் சொன்ன அந்த ஒன்று மட்டும்தான்.

அப்படியானால் அன்று அவள் பேசவில்லை. மருத்துவர் பொய் சொல்லவில்லை. கிளை விழுந்தது, அவள் போனாள். அதற்குப் பிறகு யாரையும் போகச் சொல்லவில்லை, யாருக்காகவும் காத்துக் கிடக்கவில்லை. புல்லில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வருடமாக மடித்தே வைத்திருந்த ஏதோ ஒன்று வயிற்றில் பிரிந்தது. அது நிம்மதிதான். இரண்டு மூச்சு விடும்வரை நிம்மதியாகவே இருந்தது.

பிறகு அந்தக் குரலின் சாந்தம் நினைவுக்கு வந்தது. எழுந்து கயிற்றிலிருந்து பின்வாங்கினேன்.

*

கொட்டகையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"கேட்டுச்சு" என்றாள் டினெக்கே, நான் கேட்பதற்கு முன்பே. "நல்லாக் கேட்டுச்சு. இப்பவாவது நம்பறியா?"

"நம்பறேன். ஆனா அன்னிக்குப் பேசினது வேர்லே இல்ல."

"அப்ப யாரு?"

"அவ அப்பவே போயிட்டா டினெக்கே. டாக்டர் சொன்னதுதான் சரி. நீங்க திரும்பி வந்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

அவள் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள். அந்தப் பெரிய குரலால் சத்தமில்லாமல் அழ முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

காஸ்பர் வாளியருகே நின்றிருந்தார். "வெட்டிடுங்க" என்றேன். அவர் தலையாட்டினார். காரணம் கேட்கவில்லை.

"விதையையும் யாருக்கும் கொடுக்காதீங்க. அள்ளி எரிச்சிடுங்க."

இதற்கு அவர் நிமிர்ந்தார். வாளித் தண்ணீரில் விரலைவிட்டுச் சுற்றினார்.

"முதல்ல விழுந்தத போன வாரமே அனுப்பிட்டேனே யோரிஸ். ஓக் விதை காத்திருக்காது, காஞ்சாச் செத்துடும். கேட்டவங்களுக்கெல்லாம் தபால்ல போட்டேன். நீ வெட்டச் சொன்னாலும் ஏதாவது மிஞ்சட்டும்னு..." என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "தப்பா?"

"யாருக்கெல்லாம்?"

"இங்க வந்திருக்கறவங்கள்லயே பாதிப் பேருக்கு மேல. வராதவங்களுக்கும். ஒண்ணுகூட மிதக்கல. அத்தனையும் கல்லு மாதிரி மூழ்குச்சு."

அர்மெல் பெருமையாகப் போனை நீட்டினார். அவர் வீட்டுத் தொட்டியில் ஒரு விதை பிளந்து வெள்ளை வேர் இறங்கியிருந்தது. "இந்த வேகத்த நான் பாத்ததே இல்ல. பன்னிகிட்டேருந்து ஒளிச்சு வச்சிருக்கேன். அதுங்க கிட்டயே போக மாட்டேங்குதுங்க, அது வேற விஷயம்."

பிடுங்கிப் போடுங்கள் என்று சொன்னேன். சிரித்தார். எரிச்சலோடு சொன்னேன். துக்கத்தில் பேசுகிறான் என்று தோளைத் தட்டினார். ஓக் பைத்தியங்களிடமிருந்து எதை வேண்டுமானாலும் வாங்கிவிடலாம். முளைத்த ஓக்கை வாங்க முடியாது.

காருக்குப் போகும்போது டினெக்கேயைப் பிடித்தேன். அவளுக்கும் பொட்டலம் போயிருந்தது.

"உங்க தோட்டத்துக்குக் கூட்டம் வந்தா வாலைக் கூப்பிடுவீங்களா?"

"பின்ன? கூப்பிடாம எப்படி?"

"கூப்பிடாதீங்க. திரும்பிப் போய்ப் பாருங்க. பதில் வந்தாலும் போய்ப் பாருங்க."

அவள் அதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டாளா என்று தெரியவில்லை. "பாக்கறேன்" என்றாள். "இனிமே பாக்காம இருப்பேனா?"

*

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். நான் வர வேண்டிய அவசியமில்லை என்றார் காஸ்பர். அவர் வீட்டுக்குள் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

மரம் வெட்டுகிறவர்களின் தலைவர் பெயர் ஸ்டாஃப். தடித்த மனிதர், மீசை, பல்லிடுக்கில் அணைந்துபோன சுருட்டு. அவரோடு மூன்று ஆட்கள். கயிறுகளைக் கட்டி, ஒரு பக்கம் ஆப்பு வடிவத்தில் வெட்டி எடுத்துவிட்டார்கள். இனி பின்பக்கத்து வெட்டு மட்டும் பாக்கி. அன்றும் காற்று இல்லை.

"நீங்க அந்த வேலிகிட்டப் போய் நில்லுங்க சார்" என்றார் ஸ்டாஃப். "இது பெரிய உருப்படி."

மோட்டார் ரம்பத்தைக் கையில் எடுத்தார். எடுத்தவர், எல்லா மரவெட்டிகளையும் போலத் தலையைத் தூக்கிக் கத்தினார்.

"எல்லாரும் விலகியாச்சா?"

அந்த வழக்கத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

"விலகியாச்சு, வெட்டுங்க!"

மரத்தின் மறுபக்கத்திலிருந்து வந்தது. இளம் ஆளின் குரல். சாந்தமான குரல். மரத்துக்கு ஒரே கேள்விதான் தெரியும் என்று நான் நினைத்தது தவறு.

ஸ்டாஃப் ரம்பத்தை இழுத்துக் கிளப்பினார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். இதைச் செய்யக் கூடாது, செய்தால் கை போகும் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் கெட்ட வார்த்தையில் என்னைத் திட்டினார். சுருட்டு விழுந்தது.

"போய்ப் பாருங்க" என்றேன்.

"அதான் வெட்டச் சொல்லிட்டான்ல, காது இல்லயா உனக்கு?"

"நான் போய்ப் பாக்கறேன். அதுவரைக்கும் தொடாதீங்க."

அடிமரத்தைச் சுற்றி ஓடினேன். அவர் ஆட்களில் இளையவன், ரூனே, மரம் விழ வேண்டிய பக்கத்தில் மண்டியிட்டிருந்தான். விதைகளுக்கு நடுவே கயிறு சிக்கியிருந்தது. அதை விடுவித்துக்கொண்டிருந்தான். காதில் தடித்த கவசம். முதுகு எங்கள் பக்கம். எந்தக் கேள்வியும் அவன் காதில் விழுந்திருக்கவில்லை.

தலைக்கு மேலே 'டிக்' என்றது.

அவன் தோளைப் பிடித்தேன். பயந்து திரும்பினான். சட்டை வியர்வையில் நனைந்து, தோள் சூடாக இருந்தது. நான் அந்தத் தோளை விடாமலே அவனை வேலி வரை கூட்டிவந்தேன். ஸ்டாஃப் எங்களைப் பார்த்தார், பிறகு மரத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் இல்லை. மற்ற இருவரும் வண்டியருகே நின்றிருந்தார்கள். அவர்களிடமும் போய் ஒவ்வொருவர் தோளிலும் கை வைத்தேன். ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை.

"நாலு பேரும் இங்க இருக்கீங்க" என்றேன். "இப்ப வெட்டுங்க. எதுவும் கேக்காம வெட்டுங்க."